காலியாக விட்ட சுண்டுவிரல்

கொரட்டூர்
14-7-2025

ரேகா டீச்சருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு இப்போது அந்த நல்ல மனசு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் வர்ஷாவின் அம்மா நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அதனால் நேரில் வர முடியவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். உங்கள் ஸ்கூல் வாட்ச்மேன் வேம்புலி எங்கள் தெருக்காரர். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வர்ஷாவின் பையைத் துவைக்க எடுத்தேன். நோட்டுக்கு நடுவில் நாலாய் மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தால் அவள் கை. கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறாள். மேலே, ‘எனக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் போவேன்?’ என்று எழுதியிருக்கிறது. கட்டைவிரலில் ரேகா மிஸ். ஆள்காட்டி விரலில் கிருஷ்ணப்பிரியா, அடுத்த தெருவில் இருக்கும் அவள் கூட்டாளி. நடுவிரலில் பி.டி. சார் ஞானசேகரன். மோதிர விரலில் ‘குட்டி’. சுண்டுவிரல் காலி.

தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன் டீச்சர், பின்பக்கம் எங்காவது அம்மா என்று இருக்குமோ என்று. இல்லை. ஒரு விரல் மீதி இருக்கிறது, எழுத ஆள் இல்லாமல் அதைச் சும்மா விட்டிருக்கிறாள். நான் ஒருத்தி அதே வீட்டில் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

“இன்னாடி இது, உன் கையில எனக்கு ஒரு வெரல்கூட இல்லியா?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கும்மா என் பையை நோண்டினே?” என்றாள். அப்புறம், “கோவம் வந்தா பத்து வரைக்கும் எண்ணும்மா. ரேகா மிஸ் சொல்லிக்கீறாங்க” என்றாள்.

இருபத்தேழு வரைக்கும் எண்ணினேன். கோபம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். கணக்கு, அறிவியல் எல்லாம் இருக்க, வியாழக்கிழமை கடைசி பீரியடில் என் பெண்ணுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? அப்புறம், யார் இந்தக் குட்டி?

இப்படிக்கு,
கோமளா

*

அயனம்பாக்கம்
16-7-2025

வர்ஷாவின் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் வருத்தம் புரிகிறது.

வியாழக்கிழமை நடப்பது வாழ்க்கைத் திறன் வகுப்பு. கோபத்தை எப்படிக் கையாள்வது, பிடிக்காததை எப்படி மறுப்பது, தப்பாக ஒருவர் நடந்தால் யாரிடம் சொல்வது, இதெல்லாம் அதில் வரும். நீங்கள் பார்த்த தாளுக்கு நம்பிக்கைக் கை என்று பெயர். விரலுக்கு ஒருவர் என்று ஐந்து பேரைப் பிள்ளைகள் எழுத வேண்டும். இது மார்க் போடும் பரீட்சை இல்லை. யாரை அதிகம் பிடிக்கும் என்ற கேள்வியும் இல்லை. அம்மா எப்போதும் இருப்பவர் என்பதால் சில பிள்ளைகள் எழுதாமல் விடுவது உண்டு.

குட்டி யார் என்பதை என்னால் சொல்ல இயலாது. வகுப்பில் பிள்ளைகள் தனியாகச் சொல்வதை நான் வெளியே சொல்வதில்லை என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு செல்லாது. குட்டியால் வர்ஷாவுக்கு ஆபத்து எதுவும் இல்லை. அதை உறுதியாகச் சொல்கிறேன்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளின் பையைச் சோதிக்கும்போது அவர்கள் நம்மிடம் வைக்கும் நம்பிக்கை குறைந்துபோகிறது. அவளிடம் நிதானமாகப் பேசிப் பாருங்கள்.

அன்புடன்,
மா. ரேகா

*

கொரட்டூர்
18-7-2025

ரேகா டீச்சருக்கு,

எனக்குப் பெயர் இருக்கிறது. போன கடிதத்தின் அடியிலேயே எழுதியிருந்தேன். கோமளா.

பையைச் சோதிக்கவில்லை, துவைத்தேன். அழுக்குப் பையைத் துவைப்பது எந்தத் திறனில் வரும் என்று உங்கள் புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா எப்போதும் இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. வீட்டில் மின்விசிறியும் எப்போதும்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். என் வீட்டில் உங்கள் பெயர் ஒரு நாளைக்குப் பத்து தடவை அடிபடுகிறது. ரேகா மிஸ் காதுக்கு மேல் பேனா செருகுவார்களாம், இவளும் செருகிக்கொண்டு சமையல் கட்டில் நிற்கிறாள். ரேகா மிஸ் யார் என்ன சொன்னாலும் முதலில் “அப்படியா?” என்பார்களாம். இவள் என்னைப் பார்த்து “அப்படியா?” என்கிறாள். மோர்க்குழம்பு வைத்தேன். “ரேகா மிஸ் வெந்தயம் தாளிப்பாங்களாம்மா” என்றாள். பத்து வருஷமாக நக்கி நக்கிச் சாப்பிட்ட குழம்பு டீச்சர் அது. வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன், எனக்குப் பொறாமைதான்.

நேற்று அரை நாள் பர்மிஷன் போட்டு ஸ்கூல் வாசலில் வந்து நின்றேன், உங்களைப் பார்க்க. வேம்புலி உங்களைக் கைகாட்டினார். ரொம்ப அழகாக இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் சரிதான் போ என்று விட்டிருப்பேன். நீங்கள் என்னை மாதிரியேதான் இருக்கிறீர்கள். அதே வயது, அதே உயரம், அதே மாதிரி கண்ணுக்குக் கீழே கருப்பு. அதைப் பார்த்துத்தான் இன்னும் எரிந்தது. அப்படியென்றால் என்னிடம் என்ன இல்லை?

வர்ஷாவின் அப்பா தேவராஜ் ஆறு வருஷம் முன்னால் எங்களை விட்டுப் போனார். வேறு ஒருத்தியோடு பூந்தமல்லியில் குடித்தனம். நான் சந்தேகப்படுகிறேன், இந்த வீட்டில் மூச்சு விட முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சந்தேகம் சரிதான் என்று பிறகு ஊருக்கே தெரிந்தது. அதனால் எனக்கு ஏதோ மூக்கு வேர்க்கிறது என்றால் காரணம் இருக்கும் டீச்சர். இப்போது வேர்க்கிறது. குட்டி என்று ஒரு பெயர், யார் என்று சொல்லமாட்டேன் என்று ஒரு வாத்தியார். பையனா? பெரிய ஆளா? அதையாவது சொல்லுங்கள்.

கோமளா

*

அயனம்பாக்கம்
22-7-2025

கோமளா அவர்களுக்கு,

பெயரை விட்டது என் தவறு. மன்னியுங்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன், ‘மனதில் இருப்பதை நேராகச் சொல்லுங்கள்’ என்று. எனக்கு வரவில்லை.

குட்டி நீங்கள் பயப்படும் மாதிரி ஆள் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், வர்ஷா என்னை மன்னிக்கமாட்டாள். அம்மாவிடம் நீயே சொல் என்று அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். “சொன்னா எங்கம்மா தாங்காது மிஸ்” என்கிறாள். அவள் உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, உங்களுக்காகத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் காலம் கொடுங்கள். அவள் என்னிடம் மனம் விட்டுப் பேசுகிறாள், அதுவரை அந்த வழி அடைபடாமல் இருக்கட்டும் என்றுதான் பார்க்கிறேன்.

மோர்க்குழம்பு பற்றி. எங்கள் ஊர்ப்பக்கம் வெந்தயம் போடுவோம். வகுப்பில் ஏதோ பேச்சுவாக்கில் வந்தது. உங்கள் குழம்பைப் பற்றியும் அவள் பேசுவாள்.

அன்புடன்,
ரேகா

*

கொரட்டூர்
28-7-2025

ரேகா டீச்சருக்கு,

என் பெண் உங்களிடம் மனம் விட்டுப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்கு உள்ளுக்குள் இனித்திருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். எட்டு மணி நேரம் நின்று துணியில் ஓட்டை தேடுகிற கண் இது. எனக்குத் தெரியும்.

அவளைக் கேட்டேன். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். முடித்தது நிதானமாக இல்லை. போனைப் பிடுங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டு விஷயத்தைப் பிள்ளைகளிடம் கறந்துகொண்டு பெற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்று எழுதினேன். இனி வியாழக்கிழமை கடைசி பீரியடில் வர்ஷா நூலகத்தில் உட்காருவாள். உங்கள் வகுப்பு வேண்டாம்.

உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால் அதன் கட்டைவிரலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளையினுடையதை விட்டுவிடுங்கள்.

கோமளா

*

அயனம்பாக்கம்
4-8-2025

கோமளா அவர்களுக்கு,

சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு இரண்டு நாளாக எழுதவில்லை. வர்ஷா இன்று பள்ளிக்கு வந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

என் வாசலில் நீங்கள் வந்து நின்ற முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. “டீச்சர், புள்ளைய காணோம்” என்றீர்கள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவள் பூந்தமல்லிக்குப் போகிறாள். அப்பாவின் சீட் கவர் கடை இருக்கும் இடம், மாடியில் வீடு, அங்கே ஒன்றரை வயதில் ஒரு தம்பி. அவன்தான் குட்டி. ஜூன் மாதமே இதை என்னிடம் சொல்லிவிட்டாள். கஷ்டம் என்றால் ஒரு கைக்குழந்தையிடமா போவாய் என்று கேட்டேன். “அவன்கிட்ட இன்னா வேணா சொல்லலாம் மிஸ். அவனுக்கு இன்னும் பேச்சே வரல, யார்கிட்டயும் சொல்லமாட்டான்” என்றாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இப்போது ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது: ஒரு பிள்ளையின் கையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயர்கூட இல்லையென்றால் ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் வீட்டாரைச் சந்திக்க வேண்டும். ரகசியத்தைச் சொல்லத் தேவையில்லை, சந்தித்துப் பேச வேண்டும். வர்ஷாவின் கையைப் பார்த்ததும் நான் செய்ய வேண்டியது அதுதான். செய்யவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

என் பையன் நிர்மலுக்குப் பத்து வயது. வீட்டில் அவனையும் ஒரு கை வரையச் சொன்னேன். கட்டைவிரலில் அவன் அப்பா. நான் சுண்டுவிரலில் இருந்தேன், பக்கத்து ஃபிளாட் பையனுக்கு அடுத்தபடியாக. மறுநாள் பள்ளியில் முப்பத்தெட்டுக் கைகளையும் பரப்பி வைத்து எண்ணினேன். பதினோரு கட்டைவிரலில் என் பெயர். அதில் ஒன்று வர்ஷா. அவள் வீட்டில் பேசினால் என்னிடம் பேசுவது குறைந்துவிடும் என்று எனக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. நீங்கள் சரியாகத்தான் பிடித்தீர்கள். உள்ளுக்குள் இனித்தது.

வகுப்பை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியட்டும் என்கிறார் தலைமை ஆசிரியை. அதைப் பற்றி உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல வேண்டாம்.

ரேகா

*

கொரட்டூர்
8-8-2025

ரேகா டீச்சருக்கு,

அன்றைக்கு நீங்களும் கூட இருந்தீர்கள். ஆனாலும் என் பக்கத்தில் இருந்து நீங்கள் பார்க்கவில்லை. அதை எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

சனிக்கிழமை கம்பெனி மூன்று மணி வரைதான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் வர்ஷா இல்லை. பன்னிரண்டரைக்கே ஸ்பெஷல் கிளாஸ் முடிந்துவிட்டது என்றார் வேம்புலி. போன் பண்ணலாம் என்றால் போன் என் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டினது நான். அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. கஷ்டம் வந்தால் யாரிடம் போவாள் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாளே. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நியாயமாக முதலில் கட்டைவிரலுக்குத்தான் போக வேண்டும். போகவில்லை. யார் வீட்டு வாசலில் நின்றாலும் நிற்பேன், அந்தம்மா வாசலில் நின்று என் பெண்ணைக் கேட்கமாட்டேன் என்று நினைத்தேன். முதலில் கிருஷ்ணப்பிரியா வீடு. அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, “உங்க பொண்ணு எங்க ஊட்டுக்கு வர்றதே இல்லியேக்கா. நீங்கதான் போன வருசம் வந்து சத்தம் போட்டுட்டுப் போனீங்க” என்றாள். உண்மைதான். ஒரு ஞாயிறு வர்ஷா அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து ‘அவங்க ஊட்டு பிரியாணி சூப்பர்’ என்றாள், அதற்காகப் போய்ச் சண்டை போட்டேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் நடுவிரல். ஞானசேகரன் சாரை ஏரிக்கரை கிரவுண்டில் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம். “ஒன்றரை மணிக்கு பஸ் ஸ்டாப்புல பார்த்தேன்மா. ரேகா டீச்சர கேட்டீங்களா?” என்றார். அவரும் அதையேதான் கேட்கிறார். உங்கள் வீட்டு விலாசத்தை அவர்தான் சொன்னார். ஷேர் ஆட்டோ பிடித்து அயனம்பாக்கம் வரும்போது ஆறு தாண்டிவிட்டது. நேராக உங்களிடம் வந்திருந்தால் நாலரைக்கே தெரிந்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் மனசு அவளை எந்தெந்தக் கிணற்றில் எல்லாம் தேடியது என்று உங்களுக்குத் தெரியாது. என் பொறாமை எனக்குக் கொடுத்த ஒன்றரை மணி நேரம் அது.

நீங்கள் தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தீர்கள். வழியில்தான் குட்டி யார் என்று சொன்னீர்கள். அதுவரை வண்டியின் பின்கம்பியைத்தான் பிடித்திருந்தேன், உங்களைத் தொட மனசு வரவில்லை. திருவேற்காடு தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அப்போது தோளைப் பிடித்தேன். பிறகு எடுக்கவில்லை. பயத்தில்தான், வேறு எதுவும் நினைக்காதீர்கள்.

பூந்தமல்லியில் அந்த மாடிப்படியில் வர்ஷா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அதற்குக் காய்ச்சல். அவர் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார். அந்தப் பெண் மருந்து வாங்கப் போயிருக்கிறாள், குழந்தையை இவளிடம் விட்டுவிட்டு. அதனால்தான் நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. சொல்லியனுப்பவும் போன் இல்லை. எல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் நான் பார்த்தது வேறு. என்னைக் கண்டதும் வர்ஷா என்ன செய்தாள், கவனித்தீர்களா? குழந்தையை அந்தப் பக்கமாகத் திருப்பி, அதன் தலையைக் கையால் மூடினாள். என் கண்ணில் படாமல். நான் என்ன செய்துவிடுவேன் என்று நினைத்தாள் டீச்சர்? அப்புறம் எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்தாள். என் கை பக்கத்திலேயேதான் இருந்தது.

எரிந்தது. அந்த இடத்திலும் எரிந்தது. குழந்தைக்கு உடம்பு அனல், எனக்கு வயிறு அனல்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், கத்தாமல். “எனக்கு யாரையாவது புடிச்சா உனக்குப் புடிக்காதும்மா. உன் பேரை எழுதினா மத்த நாலு பேரையும் நீ அடிச்சிடுவே. அதான் எழுதல” என்றாள். சுண்டுவிரல் காலியாக இருந்தது ஆள் இல்லாமல் இல்லையாம். எழுதினால் மற்ற நாலும் போய்விடும் என்று.

இதற்கு உங்கள் புத்தகத்தில் பதில் இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

கோமளா

*

அயனம்பாக்கம்
12-8-2025

கோமளாவுக்கு,

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

இதோடு ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். வாத்தியார் புத்தி போகவில்லை என்று திட்டுவீர்கள், திட்டுங்கள். உங்கள் கையை வைத்து வரைந்து பாருங்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபோது நாங்கள் யாரும் வரையவில்லை. பிள்ளைகளுக்குத்தானே என்று விட்டுவிட்டோம். போன வாரம்தான் நானும் வரைந்தேன். மூன்று விரலுக்கு மேல் எனக்கு ஓடவில்லை. இருபது வருஷம் முன்னால் இந்த ஊருக்கு வந்தேன், மூன்று விரல்.

அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்ததைச் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிடித்ததும் அவள் என் காதில் சொன்னது, “எங்கம்மா மூஞ்சி ஒரு மாதிரி கீது மிஸ், சாப்ட்டுச்சான்னு கேளுங்க” என்பதுதான். நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைக் கடித்திருப்பீர்கள்.

ரேகா

*

கொரட்டூர்
4-9-2025

ரேகாவுக்கு,

கடிக்கத்தான் செய்திருப்பேன். அன்றைக்குக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

தாளை மூன்று வாரம் சமையல் கட்டு ஷெல்ஃபில் வைத்திருந்தேன். போன ஞாயிறு வரைந்தேன். கட்டைவிரலில் வர்ஷா என்று எழுதினேன். ஆள்காட்டி விரலுக்கு யோசித்தேன். கூடப் பிறந்தவன் ஊரில், பேசி நாளாயிற்று. கம்பெனியில் பக்கத்தில் நிற்பவளோடு ஒரு சின்ன விஷயத்துக்கு முறைத்துக்கொண்டு எட்டு மாதம். யோசித்து யோசித்து அதிலும் வர்ஷா என்று எழுதினேன். அப்புறம் மீதியிலும். ஐந்து விரலிலும் வர்ஷா. எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பார், இதுதான் அம்மா என்று. வேண்டுமென்றே அவள் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன்.

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பேனாவை எடுத்து நாலு வர்ஷாவை அடித்தாள், கட்டைவிரலை மட்டும் விட்டாள். “அஞ்சும் நானே இருந்தா எனக்குக் கை வலிக்கும்மா” என்றாள்.

அழுதேன். சத்தமாகவே அழுதேன். அவளுக்குப் பதினாலு வயது, ஐந்து விரல் வேலையை அவள் எப்படிப் பார்ப்பாள்? அவள் அப்பா போன நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் கம்பெனியில் போய் அந்தப் பக்கத்து ஆளிடம், அவள் பெயர் நாகம்மாள், “இன்னாக்கா, டீ சாப்டலாமா?” என்று கேட்டேன். எட்டு மாசம் பேசாதவள் கேட்டதும் பயந்துபோனாள். ஆனால் வந்தாள். கிருஷ்ணப்பிரியா வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரியாணி எப்படிச் செய்கிறாய் என்றும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, என்னுடையதைவிட என்று சொல்லமாட்டேன்.

தலைமை ஆசிரியையிடம் போய் நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். முழுக்கத் தப்பு இல்லை என்றும் சேர்த்துத்தான் எழுதினேன். வீட்டாரைச் சந்திக்கும் விதியை இனி எல்லா டீச்சரும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை கடைசி பீரியட் இன்றிலிருந்து மறுபடி உங்களுடையது.

பூந்தமல்லிக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போகிறாள், என்னிடம் சொல்லிவிட்டு. அவருக்கு நான் எதுவும் அனுப்பமாட்டேன். குழந்தைக்கு மட்டும் கம்பெனியில் கழித்த நல்ல துணியில் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினாளாம். அவள் பெயர் தேசம்மா. இவ்வளவு நாள் அதை எழுதப் பேனா வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன், எழுதும்போது எரியத்தான் செய்தது.

நாளைக்கு லீவு என்பதால் இன்றே ஆசிரியர் தினம் கொண்டாடுகிறார்களாம். ஒரு ரோஜாப்பூ கேட்டாள், யாருக்கு என்று கேட்கவில்லை. காலையில் ஸ்டேஷன் பக்கம் போய் வாங்கி வந்தேன். இருந்ததிலேயே பெரிதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். வாங்கும்போதும் எரிந்தது. இது சீக்கிரம் போகாது போலிருக்கிறது. நீங்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு என் கண் முன்னால் வராதீர்கள், கொஞ்ச நாளைக்கு.

என் கையில் இப்போது கட்டைவிரலில் வர்ஷா, ஆள்காட்டி விரலில் நாகம்மாள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் யாரை எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறேன். சுண்டுவிரலில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். உங்களுக்கும் இரண்டு விரல் மீதி இருப்பதாக எழுதினீர்கள். இஷ்டம் இருந்தால் பாருங்கள்.

வர்ஷாவின் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புத்தக அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். சுண்டுவிரல் இன்னும் காலிதான். எழுது என்று நான் சொல்லவில்லை. தினமும் காலையில் அந்தப் பக்கம் போகும்போது கண் தானாகப் போகிறது, பிடித்து இழுத்துக்கொள்கிறேன்.

அவள் பென்சில் முனை மழுங்கிக் கிடந்தது. நேற்று அதை மட்டும் சீவி, தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கோமளா